பழைய ஸ்கூல் பஸ்ஸில் குடியிருப்பது: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூல் ஓட்டம் ஓடிக் களைத்த ரோசா பஸ் ஒன்றை வீடாக்கி, இலங்கை மலையகத்தில் வெலிமடைப் பக்கம் நிறுத்திக் குடியிருக்கிறோம், நானும் மனைவியும். கராஜ் பாஸ் முதல் கிராம சேவகர் வரை, பஸ்ஸைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். லீவுக்கு ஊர் சுற்றும் கேம்பர் வேன் பற்றியதல்ல இது. வருஷம் முழுக்க, மழையோடும் பனியோடும் பஸ்ஸிலேயே வாழ நினைப்பவர்களுக்கானது.

முதலில் பஸ்ஸைத் தேடுவதா, காசைத் தேடுவதா?

நிறுத்த இடத்தைத் தேடுங்கள். பஸ் எப்படியும் கிடைக்கும். மலையகத்தில் கிடைக்காதது நிலம்.

தேயிலைத் தோட்டக் காணிகளை 1972இலும் 1975இலும் அரசு எடுத்தது. 1992க்குப் பிறகு பெரும்பாலானவை கம்பனிகளின் கையில் குத்தகைக்கு இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இருந்தாலும், லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்தத் துரையின், அதாவது தோட்ட மனேஜரின், சம்மதம் வேண்டும். வாய்வார்த்தையாகக் கிடைத்த சம்மதம் அடுத்த துரை வரும்வரைதான் செல்லும். ஆகவே எழுத்தில் வாங்குங்கள். லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கொடுக்கும் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களுக்கு இடம் உண்டு, ஆனால் அந்த இடத்துக்கு பஸ் ஏறிவரும் பாதை இருக்காது. முச்சக்கரவண்டி வந்து திரும்பும் முடக்கில் 7 மீட்டர் பஸ் திரும்பாது. பஸ் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவரைக் கூட்டிப்போய்ப் பாதையைக் காட்டுங்கள். ஏறுமா ஏறாதா என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

நடைமுறையில் எளிது, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கம் தனியார் காணி வைத்திருப்பவரிடம் வாடகைக்கு ஒரு ஓரத்தைப் பிடிப்பது. மரக்கறித் தோட்டக்காரர்கள் பலர், இரவில் காவலுக்கு ஆள் இருப்பதுபோல ஆகும் என்று சம்மதிப்பார்கள். அப்படியே பிடித்தாலும் விலாசப் பிரச்சினை தீராது. வாக்காளர் பட்டியலுக்கும் பிள்ளையை ஸ்கூலில் சேர்ப்பதற்கும் கிராம சேவகர் சான்றிதழுக்கும் கேட்கப்படுவது நிலத்தோடு ஒட்டிய விலாசம். பஸ் இலக்கம் அதற்கு உதவாது. தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட ஒபிசுக்குப் போய், அங்கிருந்து எப்போதாவது லயத்துக்கு வந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்மா அப்பா வீட்டு விலாசத்தையோ காணிக்காரரின் விலாசத்தையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

லயக் காம்பராவைவிட வசதியா?

இடம் என்று பார்த்தால் இல்லை. 10 அடிக்கு 12 அடி காம்பரா, அதாவது லயத்து அறை, 120 சதுர அடி. நீளமான ரோசாவில் டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் கிடைப்பது சுமார் 17 அடி நீளமும் 6 அடி அகலமும், அதாவது நூறு சதுர அடிக்குச் சற்று மேல். லயத்தைவிடச் சின்னது! கூரை ஒழுகினால் நீங்களே ஏறி அடைக்கலாம், யாரிடமும் தகரம் கேட்டு நிற்க வேண்டாம். அதுதான் லாபம். லயத்து வாழ்க்கையை விட்டு ஓடுவதற்காக பஸ் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

எந்த பஸ் நல்லது?

மிட்சுபிஷி ரோசா, டொயோட்டா கோஸ்டர். ஸ்கூல் ஓட்டத்தில் அதிகம் இருப்பவை இவை, உதிரிப்பாகம் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கிடைக்கும், இரண்டு மீட்டர் அளவான அகலம் மலைப்பாதைக்குச் சரி. லேலண்ட், டாட்டா பெரிய பஸ்களில் இடம் தாராளம், நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் பெரிய ரோட்டை விட்டு உள்ளே எடுக்க முடியாது. ரோசாவில் உயரமானவருக்குத் தலை இடிக்கும். தரையில் பலகை, கூரையில் குளிர்க் காப்பு என்று போட்டால் இன்னும் இரண்டு அங்குலம் போகும். வாங்குமுன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே நின்று பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் பழைய பஸ் மலிவு என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரூட் பேர்மிட்டோடு விற்கிற பஸ்ஸின் விலையில் பாதி பேர்மிட்டுக்கானதாக இருக்கலாம். வீடாக்கப் போகிறவருக்கு பேர்மிட் எதற்கு?

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) கழித்த பஸ் கிடைக்காதா?

டென்டரில் போகும். பெரும்பாலும் எலும்புக்கூடாகத்தான் வரும். 2021இல் நெடுந்தீவுக்கு அப்பால் கடலில் மீன் பெருகட்டும் என்று இறக்கினார்களே, அந்த ரகம். இஞ்சின் இல்லாமல் ஒரே இடத்தில் நிற்கட்டும் என்றால் யோசிக்கலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இஞ்சினை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் துருவைப் பாருங்கள்.

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கீழே போங்கள். பின்சக்கரத்தின் மேல் வளைவு, படிக்கட்டின் அடி, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டி நிற்கும் பகுதியில் தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், இந்த மூன்று இடத்திலும் முனையால் அழுத்தினால் டக்கென்று இரும்புச் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லாமல் முனை உள்ளே போனால் அடிப்பக்கம் பூசும் கறுப்பு அண்டர்கோட்டுக்குக் கீழே இருப்பது துருப்பொடி. விற்பதற்கு முதல் வாரம் புதிதாக அண்டர்கோட் அடித்த பஸ்ஸை நான் தொடமாட்டேன். பிறகு உள்ளே வந்து கடைசி ஆசனத்துக்குக் கீழே ரெக்சின் விரிப்பைத் தூக்குங்கள். பிள்ளைகள் வருஷக்கணக்காக நனைந்த சப்பாத்தோடு ஏறிய பஸ் அது. பலகை ஊறி, கேக் மாதிரி பிய்ந்து வரும். பலகை போனால் பரவாயில்லை, மாற்றலாம். கீழே உள்ள சட்டம் போயிருந்தால் விலகிவிடுங்கள்.

அடுத்து, ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் கூரையில் பைப்பால் தண்ணீர் அடிக்கட்டும். யன்னல் ரப்பரின் மேல் மூலையில் நுழையும் தண்ணீர் அங்கே தெரியாது. உள் தகட்டுக்குப் பின்னால் வழிந்து ஆசன மட்டத்தில்தான் வெளியே வரும். ஆக, ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள்.

புக்கில் (வாகனப் பதிவுப் புத்தகத்தில்) லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா, சேசிஸ் இலக்கம் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். இதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்கிறேன்.

ஆசனங்களைக் கழற்றிவிட்டால் சட்டப்படி சரியா?

கழற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். வாகனத்தின் அமைப்பையோ வகுப்பையோ மாற்றுவதற்கு ஆணையாளர் நாயகத்தின் ஒப்புதல் வேண்டும். பரிசோதகர் வாகனத்தைப் பார்த்த பிறகே புக்கில் மாற்றம் ஏறும். புக்கில் 26 ஆசன பஸ் என்று இருக்க, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் பொலிஸ் நிறுத்தும்போது பதில் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

நான் போனபோது ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அலைந்தேன். அது என்ன வாகனம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு நடந்தது. உள் அமைப்பை அளவோடு வரைந்த ஒரு தாளைக் கொண்டுபோனது உதவியது. புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்றிதழ் எல்லாம் வழக்கம்போல. ஓடாமல் நிற்கும் பஸ்தானே என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். விட்ட பஸ்ஸை அவசரத்துக்கு ரோட்டில் இறக்க முடியாது.

என்ன லைசன் வேண்டும்?

சிறிய பஸ்ஸுக்கு டி1, பெரியதற்கு டி. வகுப்பு மாறினால் புக்கில் என்ன எழுதுகிறார்களோ அதன்படி.

எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

26 ஆசனம் என்றால் ஆளுக்கு 60 கிலோ வைத்து ஏறக்குறைய ஒன்றரை டொன். கழற்றிய ஆசனங்களின் பாரத்தையும் அதோடு கூட்டுங்கள். உங்கள் கட்டில், அலுமாரி, தண்ணீர், பற்றரி, நீங்கள், உங்கள் புத்தகங்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நல்ல தேக்கில் அலுமாரி அடிக்க நினைப்பவர்கள் அதை நிலத்தில் கட்டிய வீட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். பாரத்தை இடம் வலம் சமமாகப் பிரியுங்கள். தண்ணீர்த் தாங்கியும் பற்றரியும் ஒரே பக்கம் இருந்தால் வளைவில் பஸ் அந்தப் பக்கம் சாய்வது கைக்குத் தெரியும்.

நுவரெலியாக் குளிரைத் தகரப் பெட்டிக்குள் எப்படித் தாங்குவது?

குளிரைவிட ஈரம் மோசம். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் பனி உறையும். ஆனால் அந்தக் குளிருக்கு இரண்டு கம்பளி போதும். ஒருவர் தூங்கும்போது ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் வெளிவிடும் ஈரம் ஒரு கோப்பைக்குக் குறையாது. நாலு பேர் என்றால் ஒரு போத்தல். அதோடு சோறு வடித்த ஆவி, காயாத உடுப்பு. இதெல்லாம் போய்ப் படிவது கண்ணாடியிலும் வெறும் தகரத்திலும். விடியும்போது யன்னல் அடியில் தண்ணீர் கட்டி நிற்கும். அது மெத்தைக்குக் கீழே இறங்கும், பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு பிள்ளைகளுக்கு இழுப்பு.

ஆகவே, தகரம் உள்ளே எங்கும் வெறுமையாகத் தெரியக்கூடாது. துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் இரண்டு பூச்சு பூசி, அதன்மேல் காப்புப் போடுங்கள். தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுகிற தெளிப்பு ஃபோம் நல்லது. ஆனால் விலை கூடியது, செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். ஷீட்டாக வெட்டி ஒட்டுகிறவர்கள் விளிம்புகளை ஃபோமால் அடைக்க வேண்டும். ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல் ஷீட்) மலிவுதான், எங்கும் கிடைக்கும்தான். ஆனால் அது தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகை கொல்லும். அடுப்புப் பக்கம் அதை வைக்கவே வேண்டாம். பஞ்சுபோல இருக்கும் கண்ணாடி நார் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் மழையில் அது காயவே காயாது.

யன்னல்களில் பாதியைத் தகடு அடித்து மூடிவிடலாம். மனம் வராது, காட்சி போய்விடுமே என்று. ஒவ்வொரு கண்ணாடியும் குளிர் உள்ளே வரும் கதவு. படுக்கும் பக்கம் ஒன்று, சமைக்கும் பக்கம் ஒன்று, எதிரும் புதிருமாகக் காற்றுக்கு இரண்டு போதும். கூரையில் ஒரு சின்ன மின்விசிறித் துவாரம் கட்டாயம். குளிருக்குப் பயந்து எல்லாத் துவாரத்தையும் அடைத்துக்கொண்டு படுப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதுதான். மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள் வேண்டும், முழுப் பலகை வேண்டாம். உடுப்பு காயப்போட வெளியே படங்கு கட்டிய ஒரு தாழ்வாரம் போடுங்கள்.

ஹீட்டர் வைக்கலாமா?

கரி அடுப்பையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். கேஸ் அடுப்பைக் குளிர்காயப் பற்றவைப்பதும் அதே ஆபத்து, போதாததற்கு ஈரமும் கூடும். வெளிக்காற்றை எடுத்து, புகையை வெளியே தள்ளுகிற டீசல் ஹீட்டர் சரி. எங்களிடம் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலும் கம்பளியும்தான்.

சோலார் போதுமா?

வெளிச்சம், போன், ஒரு லெப்டொப், சின்ன ஃப்ரிட்ஜ், இதற்குப் போதும். 12 வோல்ட் 200 அம்பியர் மணி லிதியம் பற்றரியில் சுமார் இரண்டரை யூனிட் அடங்கும். இந்தச் சாமான்களுக்கு நாளைக்கு ஒரு யூனிட் அளவு செலவு. 400 வாட் பேனல் நல்ல வெயிலில் அதை நிரப்பிக்கொடுக்கும். முகில் மூடிய நாளில் அதே பேனல் தன் அளவில் பத்தில் ஒரு பங்கோ கால்வாசியோதான் தரும், அதுவும் மஸ்கெலியாவில் ஜூன் மாதம் முழுக்க அப்படித்தான். ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் வெயில் உண்டு. அங்கே மூடுவது வருஷக் கடைசியில். எங்கே நிற்கிறீர்களோ அதற்கேற்பப் பேனலைக் கூட்டுங்கள்.

ரைஸ் குக்கர் அரை யூனிட்டுக்குள் முடியும், சமாளிக்கலாம். 1,000 வாட் ஹீட்டரை ஓர் இரவு ஓட்டினால் 8 யூனிட். அதை மறந்துவிடுங்கள்.

ரோசா போன்ற பஸ்கள் 24 வோல்ட். வீட்டுப் பக்கத்தை 12 வோல்ட்டில் அமைத்தால் இரண்டையும் நேரடியாக இணைக்கக்கூடாது, நடுவே அதற்குரிய சார்ஜர் வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கிறவர்களுக்கு ஒன்று: ரப்பர் டயரில் நிற்கும் இரும்புப் பெட்டி அது. ட்ரிப் சுவிட்சும் எர்த் கம்பியும் இல்லாமல் மின் ஒழுக்கு ஏற்பட்டால், வெளியே ஈர மண்ணில் நின்று கதவைத் தொடுகிறவருக்குத்தான் அடி விழும்.

சமையல்?

கேஸ்தான். 5 கிலோ சிலிண்டர், வெளியிலிருந்து திறக்கும் தனிப்பெட்டியில். கேஸ் காற்றைவிடப் பாரம் என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். பெட்டியின் அடியில் வெளியே போகும் துவாரம் இருக்க வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பு வெடித்த கதைகள் மறந்திருக்காது. குழாயையும் ரெகுலேட்டரையும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது, அதை விடாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் வாங்குங்கள், கேஸும் மிச்சம்.

தண்ணீரும் டொய்லட்டும்?

பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீர், பக்கத்தில் இருந்தால் 100 லீட்டர் தாங்கி போதும். 100 லீட்டர் என்றால் 100 கிலோ. குடிப்பதைக் கொதிக்கவையுங்கள், பீலிக்கு மேலே என்ன உரம் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

டொய்லட்டுக்குத் தும்புத்தூள் வாளி. சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மற்றதற்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு கை தும்புத்தூள் போட்டால் மணம் வராது. நம் நாட்டில் தும்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. நிறைந்ததை மூடிய குழியில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மக்கவிட வேண்டும். மரக்கறிப் பாத்திக்குப் போடவே கூடாது. குளித்த, கழுவிய தண்ணீரைத் தேயிலைக் கானில் (வடிகாலில்) விடாதீர்கள். அந்தக் கானுக்குக் கீழே யாருடைய பீலியாவது இருக்கும்.

மலைப்பாதையில் ஓட்டுவது பாதுகாப்பா?

ஏற்றம் இஞ்சினுக்குப் பரீட்சை, அது நின்றால் நின்றதுதான். உயிர் போவது இறக்கத்தில். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் கொழும்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்த பஸ் மோதியதில் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் இறந்தார்கள். பாதை தெரியாத டிரைவர், விடாத இறக்கம், சூடேறிய பிரேக்: இந்த மூன்றும் சேர்கிற இடங்கள் மலையகத்தில் நிறைய.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பேச்சு. அதைவிட ஒன்று குறைத்தே போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இறக்கம் தொடங்குமுன். நடுவில் போடப் பார்த்தால் கியர் விழாது, பஸ் நியூட்ரலில் ஓடும். எக்ஸோஸ்ட் பிரேக், அதாவது புகைக் குழாயை அடைத்து இஞ்சினாலேயே வேகம் குறைப்பது, வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஸ்கூல் ஓட்டத்தில் பல பஸ்களில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்திக் குறைத்து விட்டு, திரும்ப அழுத்துங்கள். கருகிய மணம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் தேநீர் குடியுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால் பெடல் தரைவரை போகும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

இறம்பொடை, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ரோடு, இரண்டையும் இரவிலும் மூடுபனியிலும் நான் ஓட்டுவதில்லை. நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மண்சரிவு வந்தால் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடலாமே?

சக்கரம் இருக்கிற வீடு என்பதால் இந்த நம்பிக்கை வருகிறது. 2025 நவம்பர் டித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பாதைகளே அறுந்துபோயின. எங்கே ஓட்டுவது? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது ஆட்களுக்கு ஓடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நிறுத்தும்போதே சரியாக நிறுத்துவதுதான் வழி. ரோட்டுக்காக மண் வெட்டிய மேட்டின் அடியிலும், கொட்டி மட்டப்படுத்திய மண்ணின் விளிம்பிலும் நிறுத்த வேண்டாம். மட்டமான, வண்டி போட வசதியான இடங்கள் மலையில் பெரும்பாலும் இந்த இரண்டாகத்தான் இருக்கும், அதுதான் சங்கடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறுவது. ஒரு நேரான பக்கமுள்ள டப்பாவை வெளியே வைத்தால் மழையை நீங்களே அளக்கலாம். புதிதாக நிலம் வெடிப்பது, மரமும் கம்பமும் சாய்வது, தெளிந்த ஊற்று கலங்குவது அல்லது திடீரென்று வற்றுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்கள் போக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, புக், பிள்ளைகளின் சான்றிதழ் ஒரு பையில் கதவுப் பக்கம் தொங்கட்டும்.

பிள்ளைகளோடு முடியுமா?

ஒரு பிள்ளை, சின்னது என்றால் முடியும். சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசையும் மூடுகிற கதவும் வேண்டும். பஸ்ஸில் இரண்டும் இல்லை. வயதானவர்களுக்கு அந்த உயரமான முதல் படியே பிரச்சினை.

கையில் காசு கொஞ்சம்தான், எதிலிருந்து தொடங்குவது?

பிரேக், டயர், துரு, ஒழுக்கு. இந்த வரிசையில். அப்புறம் காப்பு. அலுமாரி, நிறம், யன்னல் சீலை எல்லாம் குடிவந்த பிறகு மெதுவாகச் செய்யலாம். குடிவந்து ஒரு மழைக்காலம் போகாமல் எது எங்கே வேண்டும் என்று தெரியவும் தெரியாது. முதல் மாதங்களில் இரண்டு பலகைப் பெட்டியும் ஒரு மெத்தையும் போதும்.

பிறகு விற்க முடியுமா?

புக்கில் மாற்றம் பதிந்திருந்தால் முடியும், சுற்றுலாத் தொழில் செய்கிறவர்கள் கேட்பார்கள். பதியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, ஆசனங்களைத் திரும்பப் பூட்டித்தான் விற்க வேண்டும். அதனால் கழற்றிய ஆசனங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், வேலை முடிந்து புக் கைக்கு வரும்வரை யாருடைய வீட்டுப் பின்பக்கத்திலாவது தகரம் போட்டு மூடி வையுங்கள்.